அறுபத்தொரு சென்டிமீட்டர்

ஈசூனில் அந்த மூவறை வீட்டின்
கழிவறைக் கதவு அறுபத்தொரு சென்டிமீட்டர்.
நான் வாங்கிய சக்கர நாற்காலி அறுபத்தாறு.
ஒன்றல்ல, பன்னிரண்டு.
மொத்தமாக எடுத்தால் பதினைந்து விழுக்காடு கழிவு என்றான்
ஜூ கூனில் கிடங்கு வைத்திருந்தவன்.
கழிவுக்குத் தமிழில் இரண்டு பொருள்.
அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அளக்கும் நாடா நான்கு வெள்ளிதான்.

சீருடையும் என் யோசனை.
முன்னாள் படைவீரர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு,
ஆகவே பச்சை.
தோளில் இரு பட்டை, மார்பில் பெயர்.
அவர்களுக்குப் பிடிக்கும் என்று
அவர்களில் ஒருவரையும் கேட்காமல் முடிவு செய்து
தேக்காவில் முப்பது சோடி தைக்கக் கொடுத்தேன்.
தையற்காரர் மட்டும் கேட்டார்,
"பிள்ளைகள் நாடகமா?"

வாரண்ட் அதிகாரி ரம்லிக்கு எண்பத்து மூன்று.
மதியத் தூக்கத்திலிருந்து கண் திறந்தபோது
கதவருகே பச்சையில் நின்றாள் சூ சூ வின்,
கையில் கஞ்சிக் கிண்ணம்.
கிண்ணம் அவர் கண்ணில் படவில்லை.
எழுந்தார்.
பத்து மாதமாய்த் தரை தொடாத காலை ஊன்றி
விறைத்து நின்று
சல்யூட் வைத்தார்.
விழுந்த பிறகும்
கை நெற்றியை விட்டு இறங்கவில்லையாம்.

இடுப்பெலும்பு.
ஆறாம் மாடி வார்டில் நாற்பது நாள்.

மகள் நோரைனி கத்தியிருந்தால் தேவலை.
"முப்பது வருஷம் அப்பா கட்டளைக்கு எழுந்தவர்,
வீட்டில் தூங்கட்டும் என்றுதான்
உங்களைக் கூப்பிட்டோம்" என்றார்,
லிஃப்டுக்குக் காத்திருக்கும் குரலில்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு
என் கணினி, தானாகவே,
விழுந்த அந்த நாளின் நான்கு மணி நேரத்துக்கு
அவருக்குக் கட்டணச் சீட்டு அனுப்பியது.
ஒன்பதே காலுக்கு அவர் கட்டிவிட்டார்.

அந்த எண்பத்தெட்டு வெள்ளியைத்
திருப்பி அனுப்பினேன். திரும்பி வந்தது.
மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல்
கணக்கில் இன்னும் தனியாகக் கிடக்கிறது.

சூ சூ வின் வேலையை விடவில்லை.
அது என் கெட்டிக்காரத்தனம் அல்ல.
ஈசூனிலிருந்து புக்கிட் மேரா போகும் நேரத்துக்கு
நான் சம்பளம் கொடுத்ததில்லை;
ரயிலில் உட்கார்ந்துதானே போகிறாய் என்று
ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.
"உட்கார இடம் கிடைக்காது, மேடம்."
புகார் அல்ல, தகவல்.
என் வரவுசெலவில் விட்டுப்போன வரியை
அவள்தான் முதலில் படித்துக் காட்டினாள்.

இப்போது முதல் சந்திப்புக்கு
ஒப்பந்தத் தாளை எடுத்துப் போவதில்லை.
நாடாவால் கதவுகளை அளக்கிறோம்.
பிறகு ஒரே கேள்வி:
உங்களை எப்படி எழுப்ப வேண்டும்?

கடற்படையில் சமையல்காரராயிருந்த சியூ சொன்னார்,
வானொலியைப் போடு, ஆளை அனுப்பாதே.
பீட்டர் ஞானமுத்து,
காலைத் தொட்டால் உதைத்துவிடுவேன்,
கோபமில்லை, பழக்கம்.
ஒருவர் நெடுநேரம் யோசித்து
எழுப்பாமலே விட முடியுமா என்றார்.
அதைப் படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டோம்.

பச்சைச் சட்டைகள் தரை துடைக்கின்றன.
எத்தனை முறை அலசினாலும் சாயம் போகாத நல்ல துணி.
சூ சூ வின் பூப்போட்ட மஞ்சளில் போகிறாள்.

போன மாதம் நோரைனி அழைத்தார்.
அப்பா போய் ஒரு வருடமாம். இப்போது அம்மாவுக்கு.
கட்டணம் கேட்கவில்லை, அனுபவம் கேட்கவில்லை.
"என்ன நிறத்தில் வருவார்கள்?"
சொன்னேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பன்னிரண்டில் விற்காமல் நின்ற ஒன்றில் அமர்ந்துதான்
அலுவலகத் தொலைபேசியை எடுக்கிறேன்.
அகலமானது, வசதியாகத்தான் இருக்கிறது.
அவர் இன்னும் சொல்லவில்லை.